முதல்ல எது?

அந்தப் பெண்மணியின் பெயர் எனக்குத் தெரியாது. கேட்டறிய ஏழெட்டு ஆண்டுகள் அவகாசம் இருந்தும் நான் கேட்கவில்லை. கஹவத்தை பஸ் நிலையத்துக்கு எதிரே, யோகட்டும் குளிர்பானமும் விற்கும் கடையின் மேல்மாடியில் அவருடைய ஒற்றை அறை இருந்தது. வாசற்பலகையிலும் பெயர் இல்லை. தட்டச்சு, போட்டோப் பிரதி, தொலைநகல், கம்பியூட்டர் திருத்தல் என்று தொழில்கள் மட்டும் சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தன. சுற்றியிருந்த தேயிலை, இறப்பர்த் தோட்டங்களிலிருந்து இறங்கி வருகிறவர்கள் அவரை ‘டைப்பிங் மிஸ்’ என்றார்கள். ஏதோ ஒரு தோட்டத்து ஆபீசில் நெடுங்காலம் தட்டச்சு செய்தவர் என்றும், ஆபீசுக்குக் கம்பியூட்டர் வந்த வருடத்தில் வேலை போயிற்று என்றும், அதன்பின் அதே இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டக் கற்றுக்கொண்டார் என்றும் கேள்வி. கழுத்தில் மெல்லிய வெள்ளிச் சிலுவை. விரல்கள் நீளமானவை, பேசாத வேளையிலும் மேசையின்மேல் எதையோ தட்டிக்கொண்டே இருக்கும்.

பழுதான கம்பியூட்டரைக் கொண்டுபோனால் அவர் உடனே அதைத் தொடமாட்டார். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, வந்தவரின் முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பார்.

“முதல்ல எது வேணும்?”

“எல்லாமே வேணும் மிஸ்” என்பதுதான் எல்லாருடைய பதிலும்.

“எல்லாமேன்னா எனக்கு வெளங்காது. ஒன்னு சொல்லுங்க.”

இதில் குரூரம் ஒன்றுமில்லை என்று பின்னாளில் விளங்கிக்கொண்டேன். கம்பியூட்டரின் உள்ளே, நாம் சேர்த்து வைப்பதையெல்லாம் தாங்கும் வட்டு ஒன்று சுழல்கிறது. அது பழுதுபடத் தொடங்கினால், படிக்கும் ஒவ்வொரு முறையும் தன்னையே தேய்த்துக்கொள்கிறது. இன்னும் எத்தனை நிமிடம் உயிரோடு இருக்கும் என்பது யாருக்கும் தெரியாது. ஆகவே முதலில் கேட்கப்பட்டது கிடைக்கக்கூடும். இரண்டாவதற்கு உத்தரவாதம் இல்லை. இதையெல்லாம் அவர் விளக்கமாட்டார். கேள்வியைக் கேட்டுவிட்டுக் காத்திருப்பார். அந்தக் காத்திருப்பில்தான் மனிதர்கள் நடுங்கினார்கள்.

ஒருமுறை நான் கோயில் திருவிழா அழைப்பிதழைத் தட்டச்சு செய்யப் போயிருந்தபோது, பக்கத்துத் தோட்டத்திலிருந்து கலியாண வீட்டார் வந்திருந்தார்கள். படம் பிடித்தவருடைய கம்பியூட்டர் கெட்டுப்போய், கலியாணப் படங்கள் அத்தனையும் அதற்குள் சிக்கிக்கொண்டனவாம். வழக்கமான கேள்வி வந்தது.

“தோட்டத்துத் தொரை வந்து நிக்கிறாருல்ல, அந்தப் படம்” என்றார் பெண்ணின் தகப்பனார்.

“தாலி கட்டுறத விட்டுட்டு தொரையப் புடிச்சுத் தொங்குறீங்களே! ஒங்க மகளுக்குத் தொரையா தாலி கட்டுனாரு?” என்றாள் தாயார்.

“நீ சும்மா இருடி. நம்ம லயத்துல எவன் வீட்டுக் கலியாணத்துக்குத் தொரை வந்து நின்னாரு?”

“நின்னவரு அஞ்சு நிமிஷங்கூட நிக்கல. ஒரு வாய் சோறு திங்கல.”

நான் வாய்விட்டுச் சிரித்தேன். டைப்பிங் மிஸ் சிரிக்கவில்லை. சுவரோரம் நின்ற மணப்பெண்ணின் பக்கம் முகத்தைத் திருப்பினார். அந்தப் பிள்ளை தலையைக் குனிந்தபடி, “அண்ணன் சோறு பரிமாறுற படம் ஒன்னு இருக்கும் மிஸ்” என்றாள். சண்டை அப்படியே நின்றது. அந்த அண்ணன் வேலை தேடிக் கொழும்புக்குப் போய் மூன்று மாதமாகச் செய்தி இல்லை என்று படியிறங்கும்போது தகப்பனார் என்னிடம் சொன்னார். பரிமாறுகிற படம் கிடைத்தது. தாலி கட்டுகிற படமும் தொரையும் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து டைப்பிங் மிஸ்ஸிடம் எனக்கு மரியாதையோடு ஓர் அச்சமும் உண்டாயிற்று. நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். விடியலில் நீறணிந்து பதிகம் ஓதாமல் வாயில் நீர் படவிடாதவன். பதிகம் ஒன்றில் பத்துப் பாட்டு; பாட்டுக்கு ஒன்றாகப் பத்து வரம் கேட்டுப் பழகிய நாக்கு என்னுடையது. இறைவன் ஒருநாள் எதிரே நின்று, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, ‘ஒன்னு சொல்லுங்க’ என்று கேட்டால் என்ன சொல்வேன் என்று அன்று இரத்தினபுரிச் சாலையில் நடந்தபடி எண்ணிப் பார்த்தேன். பிறகு வேறு நினைவுக்கு மாறிக்கொண்டேன்.

அவருடைய இந்தக் குணம் கடையோடு நின்றதுமில்லை. போர் முடிவதற்கு மூன்று வருடம் முந்தி, இரத்தினபுரி போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் அமர்ந்திருந்தார். சோதனைச் சாவடி வந்தது. எல்லாரும் இறங்கவேண்டும் என்றார்கள். நான் பையைத் தோளில் மாட்டினேன்.

“மாஸ்டர், பைய சீட்டுல வைங்க. கையில ஐசி மட்டும் எடுங்க.”

“சாமி புத்தகம் இருக்கு, மிஸ்.”

“ஐசி மட்டும்.”

நான் கேட்கவில்லை. ஆயுதம் தாங்கிய வாலிபர் ஒருவர் என் பையை வாங்கி, சாலையோரத்து ஈரத்தில் கவிழ்த்துக் கொட்டினார். நீற்றுப் பை, தேங்காய், பாட்டு எழுதிய கொப்பிகள் எல்லாம் சேற்றில் விழுந்தன. தமிழ் எழுத்து நிறைந்த கொப்பிகளைப் பார்த்ததும் அவருடைய முகம் மாறியது. இவை என்ன, யார் எழுதியது, எதற்காக எழுதியது என்று சிங்களத்தில் கேட்டார். சிங்களம் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் ஒரு சொல்லும் வரவில்லை. அச்சத்தை வென்ற அடியார்களைப் பாடிப் பாடி வாய்தான் பழகியிருந்தது, நெஞ்சு பழகவில்லை. ஐசி எனும் அடையாள அட்டையை விரல்களுக்கிடையே பிடித்தபடி டைப்பிங் மிஸ் முன்னே வந்து, “மேவா பஜன சிந்து, மல்லி” என்றார். இவை பஜனைப் பாட்டுகள், தம்பி என்று பொருள். வாலிபர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்.

பஸ் புறப்பட்ட பிறகு, திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: “ஒன்னு போதும்னேன்ல, மாஸ்டர்.”

அந்தக் கொப்பிகளைப் பற்றிச் சொல்லவேண்டும். தோட்டங்களின் பஜனை மடங்களில் பாடப்பட்டு, ஏட்டிலும் அச்சிலும் ஏறாத பாட்டுகளைப் பதினைந்து வருடமாக நான் எழுதி வந்தேன். தெஹியோவிட்டப் பக்கத்து இறப்பர்த் தோட்டங்கள்வரை நடந்திருக்கிறேன். பாடிக் கொடுத்தவர்களில் அநேகர் இறந்துவிட்டார்கள். என்னிடம் படித்து வெளிநாடு போன ஒருவர் தாம் பாவித்த மடிக்கணினியை எனக்கு அனுப்பி வைத்தபோது, கொப்பிகளை ஒவ்வொன்றாக அதில் ஏற்றினேன். சேற்றில் ஊறியவற்றையும் ஏற்றியபின் கொப்பிகள் கறையானுக்குப் போயின.

அதே மடிக்கணினியில் இன்னொன்றையும் சேர்த்தேன். எங்கள் மலைகளில் மழைக்கு மண் சரியும். தொழிலாளர் குடியிருக்கும் லயக் காம்பராக்களில் தகரப் பெட்டிக்குள் இருக்கும் பத்திரங்கள் சேறாகிவிடும். ஆகவே கோயில் சபையார் வீடு வீடாகச் சென்று பிறப்புச் சான்றிதழ்களை வாங்கி வந்தார்கள். டைப்பிங் மிஸ்ஸின் கடையில் படமெடுத்து என் கம்பியூட்டரில் வைத்தோம். பாட்டும் பத்திரமும் ஒரே பெட்டகத்தில் கிடந்தன. எந்தக் கோப்புக்குப் பெயரிட்டாலும் முதலில் ஒரு ‘உ’ போட்டேன். பிள்ளையார் சுழியின்றி எழுதத் தொடங்கி எனக்குப் பழக்கமில்லை.

போர் முடிவதற்கு முந்தைய ஐப்பசி மழையில் மடிக்கணினிக்குள்ளிருந்து ‘டக், டக்’ என்று ஓர் ஒலி கேட்கத் தொடங்கியது. பல்லி என்று நினைத்தேன். கேட்கும் திசைக்குச் சகுனம்கூடப் பார்த்தேன். மூன்றாம் நாள் திரை நீலமாகி நின்றுவிட்டது.

மறுநாள் காலை என் தங்கை மகள் செல்வி மழையில் ஓடி வந்தாள். அவள் கணவன் ராசு கொழும்பில் ஓர் இரும்புக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தான். முந்தின வாரம் படையினர் நடத்திய சுற்றிவளைப்பில் பிடித்து, காவல் நிலையத்தில் வைத்திருந்தார்கள். சென்ற வருடம் மண் சரிந்ததில் அவர்களுடைய காம்பராவோடு அவனுடைய அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் மண்ணுக்குள் போயிருந்தன. கிராம சேவகர் கொடுத்த கடிதமோ காலாவதியாகியிருந்தது.

“இன்னைக்கு ரெண்டு மணிக்குள்ள பொறப்பு சர்டிபிகேட் கொப்பியாவது காட்டணுமாம், மாமா. இல்லாட்டி வேற எடத்துக்கு அனுப்பிருவாங்களாம். எங்கன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கிறாங்க.”

அந்நாளில் ‘வேற எடம்’ என்ற சொல்லுக்கு விளக்கம் கேட்கிற துணிவு யாருக்கும் இருக்கவில்லை. தொலைநகலில் அனுப்பினால் தாமே கொண்டுபோய்க் கொடுப்பதாக இரும்புக் கடைக்காரர் சொல்லியிருந்தார். மடிக்கணினியைப் பொலித்தீனில் சுற்றிக்கொண்டு இருவரும் கஹவத்தைக்குப் பஸ் ஏறினோம்.

மாடியில் கூரை ஒழுகி, கீழே வைத்த பிஸ்கட் தகரத்தில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. மணி பதினொன்று. அவர் மடிக்கணினியை மேசையில் வைத்தார். கைகளை மடியில் வைத்தார்.

“முதல்ல எது வேணும், மாஸ்டர்?”

விடை என் நாக்கிலேயே இருந்தது. அதற்காகத்தான் வந்திருந்தேன். ஆயினும் நான் வாயைத் திறக்கவில்லை. பதினைந்து வருடம் கண்முன் வந்தது. கண் தெரியாத ஒரு கிழவர் இருமலுக்கிடையே பாடிய விருத்தம் வந்தது. அவர் போனபின் அதை அறிந்த உயிர் இவ்வுலகில் வேறில்லை. தகரத்தில் சொட்டு விழுவதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஆறு சொட்டு விழுந்தது.

“மாமா” என்றாள் செல்வி.

அவ்வளவுதான் சொன்னாள். நான் திரும்பிப் பார்த்தேன். பார்த்திருக்கக்கூடாது. நான் எதற்காகப் பேசாமல் நின்றேன் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

“ராசுவோட சர்டிபிகேட்” என்றேன்.

டைப்பிங் மிஸ் மடிக்கணினியின் அடியைத் திறந்து, உள்ளங்கையளவு வட்டுப் பெட்டியைக் கழற்றினார். காதருகே வைத்து மெல்ல அசைத்துப் பார்த்தார். பொலித்தீனில் இறுகச் சுற்றி, கீழே யோகட் கடைக்குக் கொண்டுபோனார். குளிர வைத்தால் சில வட்டுகளுக்குச் சிறிது நேரம் உயிர் வருமாம். கடை முதலாளி பொதியை வாங்கி முகர்ந்து, “மொகக்த மே, மாலுத?” என்று கேட்டார். இதென்ன, மீனா என்றார். ஐஸ்பெட்டிக்குள் அதை வைத்துவிட்டு டைப்பிங் மிஸ் மேலே போனபிறகு, தமக்குத் தெரிந்த தமிழில் முதலாளி என்னிடம் சொன்னார்:

“மிஸ் எல்லாருகிட்டயும் ஒன்னுதான் கேக்கும். ஏன் தெரியுமா? மிஸ்ஸிட தாத்தா ரெண்டாவது தரம் போனது.”

சிங்களத்தில் தாத்தா என்றால் தகப்பன். அவர் சிறுமியாக இருந்தபோது லயத்துக்கு மேலே மண் சரியத் தொடங்கியிருக்கிறது. தகப்பனார் பத்திரங்கள் இருந்த தகரப் பெட்டியை வெளியே கொண்டுவந்து மகள் கையில் கொடுத்தார். பிறகு ரேடியோவை எடுக்கத் திரும்பி உள்ளே போனார். மலை வந்துவிட்டது.

அரைமணி கழித்து டைப்பிங் மிஸ் வட்டைத் தம் கம்பியூட்டரில் கம்பியால் இணைத்தார். ‘டக்’ என்றது. பிறகு சீராகச் சுழன்றது. திரையில் கோப்புகளின் பட்டியல் ஊர்ந்து வந்தது. தமிழில் நான் இட்ட பெயர்கள் அங்கே இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குப்பையாக முந்நூறு வரிகள் நின்றன. அந்நாளில் தமிழை அப்படித்தான் அடித்தோம். தமிழ் எழுத்துரு பூட்டிய என் மடிக்கணினியில் தமிழாகத் தெரிந்த பெயர், அவருடைய கம்பியூட்டரில் வெறும் ஆங்கிலச் சாவிகளாகத்தான் நின்றது.

“எல்லாமே ‘சீ’ல தொடங்குதே, மாஸ்டர். மொத எழுத்த வச்சுத் தேட முடியாதே. என்ன போட்டீங்க?”

“பிள்ளையார் சுழி” என்றேன். ‘உ’வின் சாவி ஆங்கிலத்தில் ‘சீ’. என் பக்தி முந்நூறு கோப்புகளையும் ஒரே முகமாக்கி வைத்திருந்தது.

“நல்ல வேல பண்ணுனீங்க! ஒவ்வொன்னா தொறந்து பாக்க இது தாங்காது. பத்திரத்துல அவரு பேரு என்ன?”

“சிவலிங்கம்” என்றாள் செல்வி. “ராசுங்கிறது வீட்டுல கூப்பிடுறது.”

அவர் திரையைப் பார்த்தபடியே மேசையின்மேல் விரல்களால் தட்டத் தொடங்கினார். கண் ஆங்கிலத்தைப் பார்த்தது. விரல் தமிழைத் தட்டியது. உதடு அதை முணுமுணுத்தது. நான் வாழ்நாளெல்லாம் எழுத்துக் கற்பித்தவன். அப்படி ஒருவர் வாசித்ததை நான் கண்டதில்லை. வரிவரியாக இறங்கி வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

“சிவலிங்கம் ரெண்டு இருக்கு. ஒன்னு ‘மு’, ஒன்னு ‘ம’. அப்பா பேரு?”

“முத்தையா.”

“‘கே’ பெருசா இருந்தா மு. சின்னதா இருந்தா ம.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். “இது.”

திறந்தார். வட்டு மறுபடியும் ‘டக், டக்’ என்றது. படம் மேலிருந்து கீழாக, திரைச்சீலை இறங்குவதுபோல வந்தது. முதலில் அரச இலச்சினை வந்தது. பிறகு பதிவாளரின் சிங்களக் கையெழுத்து, அதன்கீழே இலக்கம். தகப்பன் பெயருக்குப் பாதியில் நின்றது. செல்வி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்தபடி நின்றாள். பிறகு எஞ்சிய பாதியும் இறங்கி வந்தது. முத்தையா.

அச்செடுத்துத் தொலைநகலில் அனுப்பியபோது மணி ஒன்றேகால். எழுத்துத் தெளிவாக இருக்கிறதா என்று கொழும்பிலிருந்து சொல்லவேண்டும். காத்திருந்தோம். வட்டு இன்னும் சுழன்றுகொண்டிருந்தது. அப்போது அவர் என் பக்கம் திரும்பினார்.

“ரெண்டாவது என்ன, மாஸ்டர்?”

கீழிருந்து ஏறி வந்து படியோரம் நின்ற முதலாளி அவரை வியப்போடு பார்த்தார். அந்த வாயிலிருந்து இரண்டாவது என்ற சொல்லை அவரும் கேட்டதில்லைபோலும்.

“கேளுங்க மாமா. ஒங்க பாட்டு இருக்குல்ல” என்றாள் செல்வி. குரலில் கோபம் இல்லை. வேறு என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

“வேணாம் மிஸ். நிப்பாட்டுங்க” என்றேன். அது துறவு அன்று. யாரும் அப்படி எண்ணிவிடவேண்டாம். தொலைநகல் விழுந்திராவிட்டால், அச்செடுத்தது மங்கலாக இருந்தால், மறுபடி அதே கோப்பைத் திறக்க வேண்டிவருமே என்று அஞ்சினேன். முதல் தரம் ஆறு சொட்டு நேரம் நின்றவனுக்கு, இன்னொரு தரம் பாட்டைக் கேட்கிற துணிவு வரவில்லை. அவர் வட்டை நிறுத்தினார்.

ஒன்றே முக்காலுக்கு அழைப்பு வந்தது. எழுத்துத் தெளிவாக இருக்கிறது. காவல் நிலையத்தில் வாங்கிக்கொண்டார்கள். ஆள் வேறிடம் போகமாட்டார். செல்வி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“இப்ப போடுவோம்” என்று வட்டை மறுபடி இணைத்தார் டைப்பிங் மிஸ். ‘டக், டக், டக்’ என்று மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. மீண்டும் குளிர வைத்துப் பார்த்தார். மாலை பஸ் வரும்வரை மூன்று தரம் பார்த்தார். கடைசியில் அதே பொலித்தீனில் சுற்றி என் கையில் கொடுத்தார்.

“முதல்ல கேட்டது வந்திருச்சு, மாஸ்டர்.”

நான் படியிறங்கப் போனேன்.

“எங்க அப்பாவும் வாசல்ல கொஞ்ச நேரம் நின்னாரு” என்றார் பின்னாலிருந்து. “முதல்ல எது, பெட்டியா ரேடியோவான்னு. பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.”

திரும்பிப் பார்க்காமல் இறங்கிவிட்டேன். அவரிடம் நான் கேட்ட கடைசிப் பேச்சு அதுதான். ஆண்டு திரும்புவதற்குள் அந்த மாடியறைக்குத் தையற்காரர் வந்துவிட்டார். டைப்பிங் மிஸ் எங்கே போனார் என்று யோகட் முதலாளிக்கும் தெரியவில்லை.

ராசு மூன்றாம் நாள் வீடு வந்தான். போரும் முடிந்தது. இப்போது ஒவ்வொரு தீபாவளிக்கும் அவர்கள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. ராசு காலில் விழுந்து வணங்குகிறான். அன்றைய ஆறு சொட்டு அவனுக்குத் தெரியுமா என்று நான் அறியேன். செல்வி அதைப்பற்றி ஒருநாளும் பேசியதில்லை. வாழையிலையைப் போட்டு, வடைத் தட்டையும் கேசரித் தட்டையும் இரு கைகளில் ஏந்தி வந்து என் முன்னால் நிற்பாள்.

“முதல்ல எது வேணும், மாமா?”

அவள் முகத்தில் சிரிப்புத்தான் இருக்கும். நான் நிமிர்ந்து பார்ப்பதில்லை. எது வாயில் வருகிறதோ அதை உடனே சொல்லிவிடுகிறேன்.